கடைசியாகத் தொட்டவர்

காலை ஆறரை. கிளைபேடா துறைமுகம், நான்காம் வாயில்.
கடற்கழியிலிருந்து வரும் காற்று
இரும்புக் கதவின் சாவித்துளையில்
ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருக்கிறது.
கையுறையைக் கழற்றாமலே கணினியை எழுப்புகிறேன்.

இரவின் கோப்புறை திறக்கிறது:
பெரிய பெரிய படங்கள்,
திரைக்கு ஆறு.
பழுப்பு, நீலம், துருச்சிவப்பு.
எது எந்தக் கன்டெய்னர் என்று
ஓர் எண்கூடத் தெரியாமல்.

எனக்கு வேண்டியது பட்டியல்.
பெயர், நேரம், அளவு.
புதியது மேலே, பழையது கீழே.
ஒரே பார்வையில் நாற்பது வரி.
அரண்மனையையா கேட்டேன்?

சொடுக்கு. சொடுக்கு. வலப்பக்கம் சொடுக்கு.
குழுவாக்காதே. நேரப்படி அடுக்கு.
நேரம் என்ற கட்டத்தை இழுத்து அகட்டி
எல்லாக் கோப்புறைகளுக்கும் இதே என்று அழுத்தினால்,
உறுதிதானா என்கிறது.
உறுதி என்கிறேன்,
பதினொரு மாதமாக,
அதே உறுதியை அதே இடத்தில்.

மறுநாள் காலை
ஆறு பெரிய படங்கள்.

இத்தனைக்கும்
இரண்டாண்டுக்கு முன் எடைக்குப் போட்ட அச்சுப்பொறியை
இன்னும் தினமும் தேடுகிறது இது.
கிடைக்கவில்லை என்று வருத்தம் வேறு தெரிவிக்கிறது.
என் பட்டியல் மட்டும்
நீர்மேல் எழுத்து.

செவ்வாயன்று ரமூனாஸ் வந்தான்,
தோளில் பனித்தூளோடு.
என் சூரியகாந்தி விதைகளில் பாதியைத் தின்றான்.
பதிவேட்டின் அடிவயிறுவரை போய்ப் பார்த்துவிட்டு,
"ஸ்கிர்மாந்தே, இதற்கு மறதியே இல்லை" என்றான்.
"தினமும் அதிகாலை மூன்றரைவாக்கில்
யாரோ மாற்றுகிறார்கள்.
யார் கடைசியாகத் தொட்டாரோ
அவரை அப்படியே நினைவு வைத்திருக்கிறது."

விசைப்பலகையின் அடியில் ஒட்டிய
ஒரே கடவுச்சொல்.
இரண்டு ஷிப்ட்.
இரவில் கிந்தவுதாஸ்.

அவரை நான் பார்த்ததில்லை.
கழுவாத ஒரு குவளையும்
தாழ்த்திவிட்ட நாற்காலியும்தான் தெரியும்.
தினமும் காலை நான்தான் நாற்காலியை உயர்த்துகிறேன்.
அதை ஒருநாளும்
நாற்காலியின் மறதி என்று நினைத்ததில்லை.

அவருக்கு எண்களால் என்ன பயன்?
நசுங்கல் பழையதா புதியதா,
கீல் வளைந்திருக்கிறதா,
பூட்டுக்கம்பி எந்தப் பக்கம் சாய்கிறது,
இதுதான் அவர் வேலை.
பதினொரு மாதமாக அவரும்
இந்தத் திரையிடம் உறுதி உறுதி என்று சொல்லியிருப்பார்.
மறதிப் பிண்டம் என்று
மேசையைத் தட்டியுமிருப்பார்.
மேசை ஓரத்தில் அந்தக் கீறல்,
அது என்னுடையதில்லை.

"ஆளுக்கொரு கணக்கு. பத்தே நிமிடம்" என்றான் ரமூனாஸ்.
செய் என்றேன்.

மறுநாள் காலை
நாற்பது வரி, என் அகலத்தில், என் வரிசையில்.
அதற்கு அடுத்த நாளும்.
வெற்றி இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு வழக்கு:
உங்கள் வாயிலில்தான் நசுங்கியது என்கிறார்கள்.
பட்டியலில் எல்லாம் இருந்தது.
எண், நேரம், விநாடி.
நசுங்கல் மட்டும் இல்லை.

திறந்தேன்.
மழை வழியும் நீலத் தகடு.
அதன் மேல் மூலையில் உள்நோக்கிய ஒரு குழி.
குழிக்குக் கீழே, ஈரப் பளபளப்பில்,
கேமராவைத் தலைக்குமேல் தூக்கியபடி
குள்ளமான ஒருவர், முழங்கால்வரை பூட்ஸ்,
விளக்கொளியில் முகம் வெளுத்து.

அடுத்த படத்திலும் இருந்தார்.
அதற்கு முந்தையதிலும்.
தினமும் திரைக்கு ஆறு பேராக வந்தவர்.
அவரைத்தான் நான்கு சொடுக்கில்
ஒவ்வொரு காலையும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குழி பழையது. கரையில் துரு இருக்கிறது.
அப்படியே பதில் எழுதினேன்.
படத்தை மூடிவிட்டு
என் நாற்பது வரிக்குத் திரும்பினேன்.
வேலை கிடக்கிறது.

நாற்காலியை இன்று
உயர்த்த மறந்திருக்கிறேன்.
முழங்கால் மேசையில் இடிக்கும்போதுதான்
தெரிந்தது.